கீச்சிடும் வீடு

"கீச்."

மடக்கு ஏணியின் கடைசிப் படியில் நின்றிருந்த வீட்டுக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். தலைக்கு மேலே, கைக்கெட்டும் தூரத்தில், வெள்ளைத் தட்டு மாதிரி கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது புகை அலாரம். அதற்குள் இப்போதுதான் புது பேட்டரி போட்டு மூடியிருந்தார். மூடி சரியாகப் பொருந்திய சந்தோஷம்கூட இன்னும் தீரவில்லை.

"ஏங்க, இன்னும் கத்துதா?" என்றாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி.

"கத்தல. கீச்சிடுது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கத்தினா வீடு பத்திக்கிச்சுன்னு அர்த்தம். கீச்சிட்டா பேட்டரி தீரப்போகுதுன்னு அர்த்தம்."

"பத்திக்கிட்டாக்கூட ஒரு தடவையோட முடிஞ்சிருக்கும்."

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் முதல் கீச் கேட்டது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை, குருவிக்குஞ்சுக்கு விக்கல் எடுத்த மாதிரி, அதே சின்னச் சத்தம். வேறு நாளாக இருந்தால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார். இன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரம் கழிந்ததும் தீயணைப்பு அதிகாரி வருகிறார்.

அதுவும் மூன்றாவது தடவையாக வருகிறார். 

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரும் மனைவியும். முதல் மாடி, இரண்டாம் மாடி, அதற்கும் மேலே கூரையை ஒட்டிய ஓர் அறை, எல்லாவற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். இப்படி மாணவர்களுக்கு அறை அறையாக விட்டால் அதற்கென்று விதிகள் உண்டு. அறைக்கு அறை புகை அலாரம் வேண்டும். ஒன்று கத்தினால், வயர் இணைப்பு வழியாக மற்றதெல்லாம் சேர்ந்து கத்த வேண்டும். கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். மாடிப்படியில் ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது. அதிகாரி முதல் தடவை வந்தபோது கதவுகள் சாத்திக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை கதவுகள் அருமையாகச் சாத்திக்கொண்டன, படிக்கட்டின் அவசர விளக்குதான் எரியவில்லை.

"அடுத்த தடவைதான் சார் கடைசி. அப்பவும் குறை இருந்தா, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நோட்டீஸ் ஒட்டற மாதிரி ஆயிடும்" என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்காரர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

நோட்டீஸ் ஒட்டினால் மேலே இருக்கிற பிள்ளைகள் பரீட்சை நேரத்தில் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பார்கள். கீழே இருக்கிற இவர்களும் அவர்களுக்குப் பின்னாலேயே கிளம்ப வேண்டியதுதான். வாடகை நின்றுபோனால் இந்த வீட்டைக் கட்டி மேய்க்க வழி கிடையாது. அப்புறம் போக்கிடம் ஒன்றே ஒன்று, சம்பந்தி வீட்டு மாடி அறை.

சம்பந்தி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சாப்பிடும்போது யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது. பேசாமல் சாப்பிட்டால் "ஏன், ருசியாக இல்லையா?" என்று கேட்பார். காலையில் செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து கடைசி விளம்பரம்வரை உரக்க வாசிப்பார், நடுவில் எழுந்து போனால் திரும்பி வந்ததும் கேள்வி கேட்பார். "எப்ப வேணாலும் வந்துடுங்க, நம்ம வீடுதானே" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. யார் யாரோ பெற்ற பிள்ளைகள் தன் கூரைக்கடியில் நம்பித் தூங்குகிறார்கள் என்கிற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. சமையலறையில் அலாரம் மஞ்சள் பூத்துப் பழசாகிவிட்டதென்று, யாரும் கேட்காமலேயே போன வாரம் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியதும் அந்தப் பயத்தால்தான். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் கடைசியில் ஒரு கீச் வந்து கழுத்தை அறுக்கிறதே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கீச்."

"இது இல்ல. வேற ஏதோ ஒண்ணு" என்று ஏணியிலிருந்து இறங்கினார். தோளில் தொங்கிய துணிப்பை ஏணியின் விளிம்பில் மாட்டி, கூடவே அவரையும் இழுத்தது.

"அந்தப் பையைக் கழட்டி வெச்சா என்ன? அதுக்குள்ள ஒரு பழைய இரும்புக்கடையே இருக்கு."

"கழட்டி வெச்சா அவ்வளவுதான். போன மாசம் ஸ்க்ரூடிரைவரைப் படியில வெச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போனேன். அது ஒரு வாரம் மாடியில வக்கீல் பையன் ரூம் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு நின்னுது."

அது உண்மை. இந்த வீட்டில் கீழே வைத்த எந்தப் பொருளும் கீழே வைத்த இடத்தில் இருந்ததில்லை. அதனால் காலையில் தோளில் ஏறுகிற பை, ராத்திரி படுக்கும்போது கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணிக்குப் போவதோடு சரி.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. அந்தச் சத்தத்துக்கு அப்படியொரு கெட்ட குணம். எங்கே நின்று கேட்டாலும் இங்கேதான் என்று தோன்றும். சமையலறையில் நின்றால் சமையலறை. படிக்கட்டில் நின்றால் படிக்கட்டு. இரண்டு இடத்திலும் பேட்டரியை மாற்றினார். முதல் மாடியில் காலை வைத்ததும் முதல் மாடியில் கேட்டது.

முதல் மாடியில் முதல் அறை நர்ஸிங் படிக்கும் பெண்ணுடையது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி, காலையில் வந்து விழுந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டாள். வீட்டுக்காரர் கதவை விரலால் தொட்டுத் தொட்டுத் தட்டினார்.

"யாரு?"

"நான்தாம்மா. ரெண்டே நிமிஷம். ஒரு பேட்டரி."

கதவு திறந்தது. அவள் கண்ணைத் திறக்காமலேயே திரும்பிப் போய்ப் போர்வைக்குள் நுழைந்துகொண்டாள். வீட்டுக்காரர் ஏணியைச் சத்தமில்லாமல் விரிக்கப் பார்த்தார். அது ஊருக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிட்டது.

"கீச்" என்றது இன்னொன்றும்.

"ஆஹா! இங்கதான்! மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார்.

"அங்கிள்..." போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் தூங்கணும்."

"இதோ, மாத்திட்டேன் பாரு. பழசைத் தூக்கிப் போட்டாச்சு. இனிமே சத்தமே..."

"கீச்."

போர்வை விலகி ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் கருணை இல்லை.

"அங்கிள், தயவுசெஞ்சு நீங்க வெளிய போங்க. நீங்க போனா சத்தமும் போயிடும்."

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. ஏணியை மடக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"கேட்டியா? நம்ம வீட்ல இருந்துக்கிட்டு என்னையே சத்தம்னு சொல்லுது."

"ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த பொண்ணு. வேற என்ன சொல்லும்?" என்றாள் மனைவி. "எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் தோணுது."

அடுத்த அறை வக்கீலுடையது. சட்டம் இன்னும் இரண்டாம் ஆண்டுதான் படிக்கிறான். ஆனால் தாடியும் பேச்சும் பத்து வருஷம் வாதாடிய ஆளுக்குரியவை என்பதால் அந்த வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய அவனுடைய கதவு அகலத் திறந்திருந்தது. சாத்திக்கொள்ளாமல் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது, மாடியில் தொங்க வேண்டிய சிவப்புத் தீயணைப்பு உருளை.

வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "டேய்! இது என்னடா?"

"காத்து வரல அங்கிள். கதவைத் திறந்து வெச்சா மூடிக்குது."

"மூடிக்கத்தான்டா அந்தக் கதவு! அதுக்குத்தான் நான் ஆள் வெச்சு மாத்தினேன்!"

நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அங்கே அலாரம் இல்லை. அலாரம் இருக்க வேண்டிய இடத்தில், பெண்கள் குளிக்கும்போது தலையில் மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்று, ஓரத்தில் பூப்போட்டு, உப்பிக்கொண்டு நின்றது.

"முட்டை பொரிச்சா கத்துது அங்கிள்."

"ரூமுக்குள்ள ஏன்டா முட்டை பொரிக்கற?"

"சமையலறை அலாரம் புதுசு. அங்க பொரிச்சா இதைவிடச் சத்தமா கத்துது."

வீட்டுக்காரர் தொப்பியைப் பிடுங்கி அவன் கையில் திணித்தார். தூசி கொட்டியது. "காலையிலேர்ந்து கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். உன் ரூம்லதானா?"

"எனக்கு எதுவும் கேக்கலையே."

"காதுல எதையாவது மாட்டிக்கிட்டு இருந்தா எப்படிக் கேக்கும்?"

"மாட்டிக்கல. காலையிலேர்ந்து படிச்சுக்கிட்டு இருக்கேன். இங்க சத்தமே..."

"கீச்."

"இப்பக் கேக்குது" என்று ஒத்துக்கொண்டான் வக்கீல்.

இதற்குமேல் பொறுக்க முடியாது என்று வீட்டுக்காரர் முடிவுக்கு வந்தார். ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்ப்பது வீண்வேலை. குற்றவாளிகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான். நர்ஸ் அறையைத் தவிர மற்ற இடங்களிலிருந்த அலாரங்கள் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து, புது பேட்டரி போட்டு, சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பினார். மனைவி, வக்கீல், இவர் மூவரும் மேஜையைச் சுற்றி மூச்சுவிடாமல் உட்கார்ந்தார்கள்.

"கீச்."

"இது" என்றாள் மனைவி, ஓர் ஓரத்தைக் காட்டி.

"இல்ல ஆன்ட்டி, அது" என்றான் வக்கீல், இன்னோர் ஓரத்தைக் காட்டி.

"ஒவ்வொண்ணா வெளிய கொண்டு போ" என்றார் வீட்டுக்காரர். "எது வெளிய போனதும் இங்க சத்தம் நிக்குதோ, அதுதான் திருடன்."

இது நல்ல யோசனைதான். வக்கீலும் பாராட்டினான். முதல் அலாரத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் நின்றான். உள்ளே கீச். திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்துப் போனான். உள்ளே கீச். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றும் வெளியே போய்ச் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. மேஜையில் மட்டும் சத்தம் நிற்கவே இல்லை.

"ஒவ்வொண்ணும் நிரபராதி அங்கிள்" என்றான் வக்கீல் தாடியைத் தடவியபடி. "ஆனா எல்லாம் சேர்ந்தா குற்றம் நடக்குது. இதுக்குச் சட்டத்துல கூட்டுச் சதின்னு பேரு."

"கீச்" என்று ஆமோதித்தது சதி.

வீட்டுக்காரர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சம்பந்தி தன் வீட்டில் செய்தித்தாளை விரிக்கும் சத்தம் அவருக்கு இங்கேயே கேட்டது.

"மொத்தமா எல்லாத்தையும் வெளிய கொண்டு போய் வெச்சுப் பார்த்தா என்ன?" என்றாள் மனைவி.

அதைச் செய்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"சார், வணக்கம்" என்றார் தீயணைப்பு அதிகாரி அதே மரியாதையோடு. "எனக்கு இன்னொரு இடத்துல வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. இப்பவே வரலாமா? பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன்."

"தாராளமா வாங்க சார்" என்று வீட்டுக்காரரின் வாய் சொன்னது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். நர்ஸ் அறையைத் தவிர எந்த அறையிலும் அலாரம் இல்லை. விக்கல் எடுக்கிற அலாரம் இருந்த வீடு போய், அலாரமே இல்லாத வீடு ஆகியிருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் ஏணியோடு ஓடினார். மனைவி அலாரங்களை மடியில் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். வக்கீல் சிவப்பு உருளையைச் சுமந்துகொண்டு அதற்குரிய கொக்கியைத் தேடி ஓடினான். எந்த அலாரம் எந்த அறைக்குரியது என்பதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டே போனார்.

கடைசியாக மிஞ்சியது முட்டைக்காகத் தொப்பி போட்டுக்கொண்டிருந்த அலாரம். அதன்மேல் தூசி அப்பிக் கிடந்தது. அதிகாரி பார்த்தால் என்ன நினைப்பார் என்று, மாட்டிய கையோடு வீட்டுக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு 'பூ' என்று ஊதினார். மேலே இருந்த தூசி முழுக்க உள்ளே போனது.

தூசிக்கும் புகைக்கும் அந்த இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. அது அலறியது. ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும் என்பது விதி. அந்த விதியை அந்த வீடு அப்பழுக்கில்லாமல் நிறைவேற்றியது. கூரை அறை முதல் சமையலறை வரை எல்லாம் ஒரே குரலில் அலறின. கதவுகள் திறந்தன. பாடப் புத்தகமும் கையுமாக, ஒற்றைச் செருப்போடு, தலையில் ஷாம்பு நுரையோடு பிள்ளைகள் தடதடவென்று இறங்கித் தெருவுக்கு ஓடினார்கள். நர்ஸ் பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலையணையைக் கட்டிப்பிடித்தபடி கடைசியாக வந்தாள். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய அதிகாரி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார்.

வீட்டுக்காரர் ஒருவழியாக அலாரத்தை அடக்கிவிட்டு வெளியே வந்தார். உடம்பெல்லாம் தூசி. தோளில் பை. 'எல்லாம் முடிந்தது' என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"சார்" என்றார் அதிகாரி. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் வர்ற நேரம் பார்த்து ஒத்திகை வெச்சிருக்கீங்க. எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். சத்தம் கேட்டதும் எல்லாரும் இறங்கி வந்த வீடு இது ஒண்ணுதான்."

வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. வக்கீல் உடனே புரிந்துகொண்டு, "அங்கிள் இதுல எல்லாம் ரொம்பக் கண்டிப்பு சார்" என்றான்.

"நான் போய்த் தூங்கலாமா?" என்று கேட்டாள் நர்ஸ்.

எல்லோரும் உள்ளே போனார்கள். மனைவி அவர் காதோரமாக வந்து, "இப்பவாவது அந்தப் பையைக் கழட்டுங்க. குழாய் ரிப்பேர்க்காரர்னு நினைச்சுக்கப் போறார்" என்றாள்.

"சும்மா இரு. எங்கயாவது ஒரு திருகு ஆடினா அவர் கண்ணு முன்னாடியே முறுக்கிக் காட்டணும்."

அதிகாரி கீழ்த்தளத்துக் கதவைத் திறந்து கையை எடுத்தார். கதவு மெதுவாக வந்து பூப்போலச் சாத்திக்கொண்டது. "பிரமாதம்" என்றார். சமையலறையில் தீயை மூடி அணைக்கும் போர்வையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவசர விளக்கைப் போடச் சொன்னார், பளிச்சென்று எரிந்தது. வீட்டுக்காரர் மெல்ல மெல்ல நிமிர்ந்தார். சம்பந்தியின் செய்தித்தாள் மடிந்துகொண்டே போனது.

"கீச்."

அதிகாரியின் பேனா நின்றது. "பேட்டரி" என்றார்.

"எல்லாத்துலயும் காலையிலதான் சார் மாத்தினேன். சத்தியமா."

"பரவாயில்ல சார், ஒண்ணுதானே" என்று எழுதிக்கொண்டார். "மத்ததைப் பார்ப்போம்."

வீட்டுக்காரர் வழிகாட்டியபடி முன்னால் படியேறினார். படிக்கட்டில் கீச். முதல் மாடி நடையில் கீச். வக்கீல் அறையில், கதவு சாத்திக்கொள்ளும் அழகை அதிகாரி ரசித்துக்கொண்டிருக்கும்போதே கீச். நர்ஸ் அறையில் அவள் தலையணையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவர்கள் உள்ளே வருவதைப் பார்த்ததுமே, "ஐயோ, மறுபடியும் வந்துட்டாரா!" என்றாள். கீச்.

"எல்லாத்துலயும் புது பேட்டரின்னு சொல்றீங்க" என்றார் அதிகாரி. குரலில் இருந்த மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "புது பேட்டரி போட்டும் சத்தம் வருதுன்னா அலாரமே கோளாறு. எல்லா அலாரமும் கோளாறுன்னா, உள்ள போற வயரிலேயே ஏதோ இருக்கு. அது இன்னும் மோசம் சார்."

"அப்படின்னா பேட்டரி பழசுன்னே எழுதிக்குங்க சார்."

"நீங்க புதுசுன்னு சொன்னதை எழுதிட்டேனே."

இரண்டாம் மாடியையும் அதே கதியில் முடித்தார்கள். வீட்டுக்காரருக்குக் கால் துவண்டது. கூரை அறைக்குப் போகும் குறுகிய படியின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீங்க மட்டும் போய்ப் பார்த்துட்டு வாங்க சார். என்னால முடியல."

அதிகாரி மேலே போனார். கதவு திறக்கிற சத்தம், காலடிச் சத்தம், பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் விரலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் காதருகே மட்டும் கீச் கேட்டது. அது கீழே எங்கேயோ என்று நினைத்து வெறுத்துப்போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"சார்!" என்றார் அதிகாரி மேலிருந்து. குரலில் உற்சாகம். "இந்த ரூம் நல்லா இருக்கு! ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டேன், சத்தமே இல்ல! மேலயிருந்து வர்ற வயர் சரியா இருக்குன்னா, இதை வெச்சு உங்களுக்கு ஒரு வாய்ப்பு எழுதிக் கொடுக்கலாம்."

வீட்டுக்காரருக்கு நம்ப முடியவில்லை. ஓர் அறை! அவருடைய வீட்டில் சத்தமில்லாத ஓர் அறை! அந்த அமைதியைத் தன் காதால் கேட்டே தீர வேண்டும் போலிருந்தது. துவண்ட கால் எங்கே போனதோ, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, உள்ளே போய், கூரையை அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கீச்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப வந்துடுச்சு" என்றார் அதிகாரி. எழுதியதை அடித்துவிட்டு எழுதினார்.

 கீழே வந்ததும் அதிகாரி வண்டியிலிருந்து ஒரு சிவப்புத் தாளும் பசை டப்பாவும் எடுத்துவந்து, வாசல் கதவில் நோட்டீஸை ஒட்டினார். நான்கு மூலையையும் உள்ளங்கையால் நீவி, கோணலாக இல்லையே என்று தள்ளி நின்று பார்த்தார். "வருத்தமாத்தான் இருக்கு சார். கதவெல்லாம் அவ்வளவு நல்லா சாத்துது" என்றார்.

பிள்ளைகள் நடையில் கூட்டமாக நின்று நோட்டீஸைப் பார்த்தார்கள்.  தலையில் ஷாம்பு காய்ந்துபோயிருந்த பையன் ஒருவன், "பரீட்சை முடியறவரைக்குமாவது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். வீட்டுக்காரர் அந்தப் பையனைப் பார்த்தார். தான் சம்பந்தி வீட்டு மாடியில் கிடந்து சாகலாம், இந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சம்பந்திக்குப் போன் பண்ணவா?"

"பண்ணாதே" என்று கத்திவிட்டு வீட்டுக்காரர் தெருவுக்கு ஓடினார்.

அதிகாரி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தப் போனார். வீட்டுக்காரர் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒரே ஒரு தடவை. ஒரு வாரம் கொடுங்க. வயரை உருவி எறிஞ்சுட்டுப் புதுசா இழுக்கறேன். கூரையையே பிரிச்சுப் போடறேன். எனக்காகக் கேக்கல சார். சத்தியமா அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான்..."

"சார், கையை எடுங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எல்லா ரூம்லயும் நானே என் காதால கேட்டேனே."

"கீச்."

நடுத்தெரு. மேலே கூரையில்லை, சுவரில்லை, வயரில்லை. அதிகாரி வண்டியை விட்டு இறங்கி, மெதுவாகத் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். வீட்டுக்காரரும் பார்த்தார். வாசலில் நின்ற மனைவி பார்த்தாள், வக்கீல் பார்த்தான், பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். நீலமாக, சுத்தமாக, ஒரு மேகம்கூட இல்லாமல் கிடந்தது வானம்.

முதல் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. தலையணையும் கையுமாக நர்ஸ் வெளியே தலையை நீட்டினாள்.

"அங்கிள்! காலையிலேயே சொன்னேனே, நீங்க போனா சத்தமும் போயிடும்னு! போன வாரம் சமையலறையில கழட்டின பழைய அலாரத்தை முதல்ல அந்தப் பையிலேர்ந்து வெளிய எடுங்க!"